மணிக்கட்டு

காலை வண்டியில் ஜன்னலோர இடத்துக்காக எங்கள் பெட்டியில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை, மேடம். வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். வண்டி மாரிகுப்பத்தில்தான் கிளம்புகிறது. அங்கே ஏறுகிறவர்கள், அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஏறப்போகிறவர்களுக்கு இடம் போட்டு வைப்போம். ஒரு கர்ச்சீப், ஒரு டிபன் பை, மழைக்காலமானால் குடை. சாம்பியனில் ஏறும் கிளாரன்ஸ் அண்ணனுக்குக் கால் நீட்ட வசதியாக நடைபாதை ஓரம். உரிகத்தில் ஏறும் லவினாவுக்கு ஜன்னல். காற்று இல்லையென்றால் அவளுக்குக் குமட்டும். ஐந்து வருஷமாக அந்த ஜன்னலை நான்தான் பிடித்து வைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உரிகத்தில் வண்டி நிற்பது பேருக்குத்தான். பிளாட்ஃபாரம் தாழ்வு, படி உயரம். கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்களுக்கு டோரில் நிற்பவர் கை கொடுத்து இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. விரலைப் பிடிக்கக் கூடாது. உள்ளங்கையும் ஆகாது, வியர்வையிலும் மழையிலும் வழுக்கும். ஏறுகிறவருடைய மணிக்கட்டை நாம் பிடிக்க வேண்டும், நம்முடைய மணிக்கட்டை அவர் பிடிக்க வேண்டும். ஒருவர் பிடி தளர்ந்தாலும் மற்றவர் பிடி நிற்கும். தங்கச் சுரங்கத்தில் ஏணியில் ஆளைத் தூக்கிவிடும்போது அப்படித்தான் பிடிப்பார்கள் என்று அப்பா சொல்வார். எங்கள் பெட்டியில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்து வந்துவிடும். புதிதாக வந்த ஆள் யாராவது விரலை நீட்டினால் கிளாரன்ஸ் அண்ணன் விடமாட்டார்.

"இன்னாபா, டான்ஸ் ஆடக் கூப்டுறியா?" என்பார்.

லவினா இறந்த அன்று டோரில் நின்றது நான். அது உங்களுக்குத் தெரியும். பேப்பரில், 'காப்பாற்ற முயன்ற நண்பர் வாசு' என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியால்தான் இவ்வளவும். நீங்கள் போலீஸ் அனுப்பிக் கூப்பிடாவிட்டாலும் அதைத் திருத்த நானே வந்திருப்பேன்.

நான் கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை. வைட்ஃபீல்டில் ஒரு கிடங்கில் பார்சல் கட்டுகிறேன், லீவு போட்டதில்லை. என்னிடம் இருந்தது பயம் மட்டும்தான். அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை, நீங்களும் இதுவரை கேட்கவில்லை. பரவாயில்லை, சொல்கிறேன்.

சுரங்கம் மூடியபோது நான் சின்னப் பையன். அப்பா, சம்பங்கி என்று பெயர், சுரங்க லிஃப்டான கேஜில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். மூடிய பிறகும் ஷிஃப்டுக்குப் போகிறவர் மாதிரி விடியற்காலையில் குளித்துவிட்டு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். அம்மா அவரைத் தாண்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவாள். பெங்களூரில் கார்மென்ட்ஸ் வேலை. அவள் திரும்பி வரும்வரை அவர் அதே நாற்காலியில் இருப்பார். ஒரு நாளும் அவர்களுக்குள் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அம்மா தாண்டும்போது அவர் காலை உள்ளே இழுத்துக்கொள்வார். நானும் ஒரு நாள் யாருக்கோ வழிவிட்டுக் காலை இழுத்துக்கொள்ளப் போகிறேன் என்று தோன்றும்.

இது லவினாவுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். பங்காருப்பேட்டை தாண்டினால் வண்டி வேகம் எடுக்கும், பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், பேச நல்ல நேரம். அவள் முழுதும் கேட்டாள். பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து என் கையில் கொட்டினாள். அப்போதுதான் நான் முடிவு செய்தேன், இவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று.

போன வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் கேட்டேன். வைட்ஃபீல்டில் இறங்கிப் படியேறும்போது கேட்டேன், கூட்டத்தில். அவள் நின்று, ஓரமாக வந்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

"வாசு, நீ நம்ம பெட்டி ஆளு. அதுக்கு மேல நான் நெனச்சதே இல்லபா. மனசுல வெச்சுக்காத, இன்னா?"

அடுத்த நாள் காலையில் உரிகத்தில் ஏறினாள். என் மணிக்கட்டைப் பிடித்துத்தான் ஏறினாள். வழக்கமான ஜன்னலில் உட்கார்ந்தாள். "தூங்குனியா?" என்று கேட்டாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அவள் கண்ணில் தூங்கி எழுந்த தெளிவு இருந்தது.

அதற்குப் பிறகு பெட்டியில் பெண்கள் சிரித்தால் எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. எங்கள் பெட்டியில் பெண்கள் நிறையச் சிரிப்பார்கள். ஆபீஸ் மேனேஜர் மாதிரி ஒருத்தி பேசிக் காட்டுவாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். முன்னால் நானும் சேர்ந்து சிரித்தவன்தான். இப்போது ஒவ்வொரு சிரிப்பும் என்னைப் பற்றியது என்று தெரிந்தது. தெரிந்தது என்றுதான் சொல்வேன், தோன்றியது என்று சொல்லமாட்டேன். நான் கல்யாணம் கேட்டதை லவினா யாரிடமும் சொல்லவில்லை என்று கிளாரன்ஸ் அண்ணன் இப்போது உங்களிடம் சத்தியம் செய்கிறாராம். அவருக்கு எப்படித் தெரியும்?

போனில் தேடினேன். பெண்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அப்படியே டைப் செய்து தேடினேன். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிறையப் பேர் அதையே தேடியிருக்கிறார்கள். அப்படித்தான் இன்னொரு அண்ணன் கிடைத்தார், நெட்டில் எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடும் ஒருவர்.

அவருடைய முகத்தை யாரும் பார்த்ததில்லை. குரல் மட்டும். 'நிமிர்' என்று ஒரு குழு, அதில் தினமும் காலையில் ஒரு குரல் பதிவு போடுவார். முதலில் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்ததும் தண்ணீர் குடி, முதுகை நேராக்கு, கண்ணைப் பார்த்துப் பேசு. எனக்கு அதுவரை அப்படி யாரும் சொன்னதில்லை. ஒரு மாதம் போனது. பிறகு, உன் முதுகை வளைத்தது யார் என்று கேட்டார். ஊரில் வேலை போனபோது ஆண்களை உட்காரவைத்துவிட்டுப் பெண்களை வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள், அன்றைக்கே வீட்டு அதிகாரம் கைமாறிவிட்டது என்றார். அவருக்கு எங்கள் தங்க வயல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் நான் வாசலில் இருந்த அந்த நாற்காலியைப் பார்த்தேன். அது தானாக நடந்தது இல்லை, யாரோ செய்தது என்று கேட்டபோது, எனக்கு முதல் தடவையாகப் பயம் குறைந்தது. கோபம் பயத்தைவிடச் சூடானது, மேடம். குளிரில் நிற்கிறவனுக்கு அது என்ன என்று தெரியும்.

அப்புறம் அவர் பேச்சில் சட்டம் வந்தது. எல்லாச் சட்டமும் அவர்கள் பக்கம். அப்புறம் பெண்களுக்கு பஸ் இலவசம். அப்புறம் தேர்தல். யாருக்கு ஓட்டுப் போட்டால் பழையபடி ஆகும், யாரை விரட்டினால் நாடு நாடாக இருக்கும். அண்ணன் எங்களைப் படை என்று சொல்ல ஆரம்பித்தார். குழுவுக்குள் லெவல் இருந்தது. ஒவ்வொரு லெவலுக்கும் தனி அறை, மேலே இருப்பவர்களுக்கு அது தெரியாது. எங்கள் ஊர்க்காரனுக்கு லெவல் என்றால் சுரங்கத்தில் கீழே இறங்குவது. அப்பா சொல்வார், கீழே போகப் போகப் பாறையே கொதிக்கும், சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்வார்கள், கொஞ்ச நாளில் அதுவே பழகிவிடும் என்று. எனக்கும் பழகிவிட்டது.

வீட்டில் என் தங்கை நளினி இருக்கிறாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன், சுவர் மெல்லியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரமே ஆசாரியைக் கூப்பிட்டு அவள் அறைக்கு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போடச் சொன்னாள். அம்மா ஏன் என்று கேட்டதற்கு, "காத்துல கதவு அடிச்சுக்குதுமா" என்றாள். எங்கள் வீட்டில் காற்றே வராது. அவளைத் தோளில் வைத்துக்கொண்டு தேர் காட்டியவன் நான். ஆசாரி துளை போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். இறந்துபோன அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

என் தங்கை என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று குழுவில் எழுதினேன். வருத்தத்தில்தான் எழுதினேன். நிறையப் பேர் கைதட்டினார்கள். ஒருவன், ஆரம்பம் நன்றாக இருக்கிறது என்று போட்டிருந்தான்.

ஆகஸ்டில் அண்ணன் ஒரு வாரம் அறிவித்தார். 'விலகல் வாரம்' என்று பெயர். பெண்களை அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம், தொடக்கூட வேண்டாம் என்றார். நீங்கள் அவர்களுக்குத் தினமும் செய்கிற உதவிகளை நிறுத்துங்கள், அவ்வளவுதான், அவர்கள் எதன்மேல் நிற்கிறார்கள் என்று அவர்களே பார்க்கட்டும் என்றார். இதில் குற்றம் எங்கே இருக்கிறது? நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். உதவி செய்யாமல் இருப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்?

செய்ததை நிரூபிக்க வேண்டும். ஒருவன் நெஞ்சுவலி என்று சொன்ன அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகாமல், அவள் ஆட்டோ தேடி நடப்பதை மாடியிலிருந்து படம் எடுத்துப் போட்டான். நான் பெட்டியில் பெண்கள் யாருக்கும் இடம் போட்டு வைக்கவில்லை என்று எழுதி, நிற்கிற கூட்டத்தைப் படம் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பொம்மை வைத்துச் சிரித்தார்கள், அந்த மஞ்சள் முகங்கள். இவ்வளவுதானா, ட்ரெயின்ல சீட்டுப் போடுற சீட்டுப் பையா, என்றார்கள். அன்றைக்கு லவினா உரிகத்திலிருந்து வைட்ஃபீல்டு வரை நின்றுகொண்டே வந்தாள். என்னிடம் கோபப்படவில்லை. "உடம்பு சரியில்லையா வாசு? ஒரு மாதிரி இருக்க" என்று கேட்டாள். அதையும் குழுவில் எழுதினேன். அதற்கும் சிரித்தார்கள்.

வாரம் முடிவதற்குள் சரியாக ஒன்று செய்யாதவர்களை வெளியேற்றுவதாக அண்ணன் சொன்னார். வெளியே என்ன இருக்கிறது, மேடம்? அந்த நாற்காலி இருக்கிறது. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவு இருக்கிறது. பெட்டியில் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாளைக்குப் பாருங்கள் என்று எழுதினேன்.

காலையில் தூறல். விடிந்தும் விடியாத வெளிச்சம். மாரிகுப்பத்தில் ஏறி டோரில் நின்றுகொண்டேன். போனைச் சட்டைப் பையில் கேமரா வெளியே தெரிகிற மாதிரி வைத்து ரெக்கார்டு போட்டேன். சாம்பியனில் கிளாரன்ஸ் அண்ணன் ஏறினார். மழையில் ஏன் டோரில் நிற்கிறாய், உள்ளே வா என்றார். காற்று வாங்குகிறேன் என்றேன். உரிகத்துக்கு வண்டி வந்து நின்றது. லவினா இல்லை. பயந்தது நடக்காமல் போய்விடும் என்று ஒரு நிம்மதி வந்தது. இதை நீங்கள் எழுத வேண்டும். எனக்கு நிம்மதிதான் வந்தது.

அப்போது அவளே போன் செய்தாள். அதனால் ரெக்கார்டு நடுவில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

"வாசு, ரயில்வே கேட் கிட்ட வந்துட்டேன். ஆட்டோ நின்னுபோச்சு. நீங்க போங்க, நான் அடுத்த வண்டில வரேன்."

அடுத்த வண்டியில் வந்திருக்கலாம். அவளே சொன்னாள்.

"ஓடி வா," என்றேன். "நான் டோர்ல இருக்கேன். இழுத்துக்கிறேன்."

போனைத் திரும்பப் பையில் வைத்து ரெக்கார்டைத் தொடங்கினேன். வண்டி நகர்ந்தது. அவள் குடையை மடக்கிக்கொண்டு, பையை முதுகில் தள்ளிவிட்டு ஓடி வந்தாள். நன்றாக ஓடுவாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள். உள்ளே யாரோ, "வா வா வா" என்று உற்சாகப்படுத்தினார்கள். பெட்டியில் தினமும் நடக்கிற விஷயம், யாரும் பயப்படவில்லை.

நான் கையை நீட்டினேன். விரல்களை நீட்டினேன்.

அவள் ஒரு கால் படியில் வைத்தாள். அவளுடைய முழு எடையும் என் நான்கு விரல்களில் வந்தது. கனமாகவே இல்லை. எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவுதானா இவள் என்று. நான் அவளைத் தள்ளவில்லை. இழுக்கவும் இல்லை. விரல்களை மடக்காமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

சங்கிலியை இழுத்தது கிளாரன்ஸ் அண்ணன். நான் டோரிலேயே நின்றேன். பெட்டியில் அவ்வளவு பேர் இருந்தும் முதலில் ஒரு சத்தமும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

அவள் அம்மா ஐடா ஆன்ட்டி ஆண்டர்சன்பேட்டை சர்ச்சில் அடக்கம் முடிந்ததும் என்னைத் தேடி வந்தார்கள். என்னுடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டார்கள். "இந்தக் கைதான் என் புள்ளைய கடைசியா தொட்டுது," என்று சொல்லிக் கையில் முத்தம் கொடுத்தார்கள். நளினி பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை வீட்டில் அவளும் அம்மாவும் இல்லை. சித்தி வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அப்போதுகூட நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். விபத்து என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் மறுநாள் அந்தப் பேப்பர் துணுக்கை யாரோ குழுவில் போட்டார்கள். காப்பாற்ற முயன்ற நண்பர். கீழே வரிசையாக வந்துகொண்டே இருந்தது. காப்பாத்தப் போனியா, சீட்டுப் பையா? அழுதியா? கை வழுக்கிடுச்சா, பாவம். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது அதைவிட மோசம்.

அதனால்தான் காணொளியைப் போட்டேன். வழுக்கவில்லை என்று காட்டத்தான். விரலும் மணிக்கட்டும் தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தி, வட்டம் போட்டுக் காட்டினேன். அவர்களுக்கு அப்போதும் புரியவில்லை. மணிக்கட்டைப் பிடிப்பது பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? எங்கள் பெட்டிக்காரர்கள் பார்த்தால்தான் தெரியும். எப்படியோ அது சுற்றிச் சுற்றி எங்கள் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. கிளாரன்ஸ் அண்ணன் அதை ஒரே ஒரு தடவை பார்த்தாராம். பார்த்துவிட்டு நேராக உங்களிடம் வந்தாராம். அவர் சிரித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அண்ணன் குழுவைக் கலைத்துவிட்டு வேறு பெயரில் தொடங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். என்னைச் சேர்க்கவில்லை. என்னைப் போன்றவர்களுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னாராம். அவர் கெட்டிக்காரர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் பேச ஆரம்பித்ததிலிருந்து நீங்கள் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறீர்கள், மேடம். தண்ணீர் கேட்டபோது டம்ளரை மேசையின் அந்த ஓரத்திலேயே வைத்துவிட்டீர்கள். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். நான் யாரையும் ஒன்றும் செய்ததில்லை.

கை வழுக்கியதா என்று முதலில் கேட்டீர்கள். வழுக்கவில்லை. விடவேண்டும் என்று நினைத்துத்தான் விரலை நீட்டினேன். வருவாளென்று தெரிந்துதான் கூப்பிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. அது காணொளியில் இல்லை, அவள் முகம் அதில் தெரியாது. ஓடி வந்தவள் கையை உயர்த்தியபோது முதலில் என் விரல்களைப் பார்த்தாள். மணிக்கட்டைத் தேடினாள் என்று நினைக்கிறேன். ஒரு எட்டு தயங்கினாள். அந்த ஒரு எட்டில் அவள் நின்றிருக்கலாம். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், நான்தான் என்று பார்த்ததும் சிரித்தாள், மூச்சு வாங்கிக்கொண்டே. கேலிச் சிரிப்பு இல்லை, எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். சிரித்துவிட்டு அந்த விரல்களையே பிடித்துக்கொண்டாள்.

என்னை அப்படி நம்பிய பெண் வேறு யாரும் இல்லை. என்னிடம் ஏதோ நல்லது இருந்ததால்தானே நம்பினாள். அதை எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.